முடிச்சிட்டு அழு

பாதிச் சோற்றில் எழுந்த ஓர் ஆளை அவள் கன்னத்தில் அறைந்ததைத்தான் நான் முதலில் பார்த்தேன். ராயபுரத்தில் அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த அன்று நடந்தது அது. எங்கள் பாத்திரங்கள்கூட இன்னும் உள்ளே போகவில்லை. முற்றத்தில் மீன்கூடை தூக்கும் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவிலிருந்து யாரோ கூப்பிட, ஒருவன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். அவள் போய் அறைந்தாள். கோபமெல்லாம் இல்லை. கொசு அடிப்பதுபோல அடித்தாள்.

"மிச்சத்த யாரு துன்றது?"

அவன் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே திரும்ப உட்கார்ந்து, தட்டை வழித்துத் தின்றுவிட்டுத்தான் போனான். கூப்பிட்டவன் அதுவரை வாசலிலேயே காத்திருந்தான். அவளை அறிந்தவன் போலிருக்கிறது.

அவள் எங்கள் வீட்டுக்காரம்மா. பெயர் இருந்தது, அந்தத் தெருவில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. காசிமேட்டுக் கரையில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டுக் கூடையில் அடைத்து, காஞ்சிபுரம் பக்கம் அனுப்பும் வியாபாரம். உயரமான உடம்பு. குழந்தை இல்லை, புருஷன் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. ஐஸ்கட்டியிலேயே புழங்கிய கை, எப்போது தொட்டாலும் சில்லென்றிருக்கும்.

எந்தக் காரியமும் பாதியில் நிற்பதை அவளால் பார்க்க முடியாது. ஆரம்பித்தது முடிய வேண்டும். நல்லதா கெட்டதா என்பதெல்லாம் அப்புறம். யாராவது கண்ணைக் கசக்கினால், "முடிச்சிட்டு அழு" என்பாள். அதைத் திட்டாகச் சொல்லமாட்டாள். உப்புப் பற்றவில்லை என்று சொல்வதுபோலச் சொல்வாள்.

அவள் புருஷன் செத்த கதையைப் பக்கத்துக் குடித்தனக்காரி எனக்குச் சொன்னாள். கரையில் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது, வீட்டில் உயிர் போய்விட்டது என்று ஆள் ஓடிவந்து சொல்லியிருக்கிறான். அவள் அவனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கேட்டுக்கொண்டிருந்த விலைக்கு மேல் கேட்டாளாம். மீனை எடுத்து, ஐஸ் நொறுக்கிப் போட்டு, கூடைகளைத் தைத்து, வண்டி ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ஊரே கேட்க அழுதாள் என்று சொன்னாள் அந்தப் பெண். "பொய்யழுவ இல்லமே. நெஜமாத்தான் அழுதிச்சி. ஆனா வேலைய முடிச்சிட்டு."

இன்னொன்று. அவள் நாத்தனார் மகளுக்கு அந்த முற்றத்தில்தான் கல்யாணம். பந்தலில் இரண்டு பக்கத்துக்கும் வாய்ச்சண்டை முற்றி, மாப்பிள்ளையே மாலையைக் கழற்றிவிட்டான். பெண்ணும் வேண்டாமென்று அழுதது. இவள் தெருக்கதவைச் சாத்தித் தாழ்போட்டு அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். தாலி கட்டும்வரை ஒருவரையும் வெளியே விடவில்லை. வருஷம் திரும்புவதற்குள் அந்தப் பெண் முழங்கையில் சூட்டுத் தழும்போடு வந்து நின்றது. அதை நானே பார்த்தேன். இவள் தழும்புக்கு எண்ணெய் தடவினாள், வயிறு நிறையச் சோறு போட்டாள், மாலையில் ரிக்ஷா வைத்துப் புருஷன் வீட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். "முடிஞ்ச கல்யாணம். அத்த இனிமே இன்னா பண்றது?" என்றாள். நான் அன்றைக்கு முழுதும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் அதே வருஷம் கோடிக் குடித்தனத்து மில்காரருக்கு விஷக்காய்ச்சல் கண்டு, சொந்தத் தம்பியே எட்டிப் பார்க்காமல் போனபோது, இவள்தான் அவருக்குக் கஞ்சி ஊற்றினாள், பீத்துணி அலசினாள். அவர் எழுந்து சுவரைப் பிடிக்காமல் நடக்கும்வரை செய்தாள். நடந்த அன்றைக்கு நிறுத்திவிட்டாள். அப்புறம் அவரை ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. அதை இரக்கம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இப்போது என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு பட்டறையில் ஃபிட்டர். கெட்டிக்காரர்தான். ஆனால் எதையும் முடிக்கமாட்டார். குழந்தைக்குத் தொட்டில் செய்தார். ஒரு பக்கம் கம்பி இல்லை. சுவரில் பலகை அடித்தார். ஒரு முனை மட்டும் ஆணியில் நிற்கும், மறுமுனைக்கு நான் கயிறு கட்டினேன். முகத்தில் பாதிச் சோப்போடு, பெரிய கப்பல் வருகிறதாம் என்று கடற்கரைக்கு ஓடிவிடுவார். சீட்டியடித்துக்கொண்டே திரும்பி வருவார், மறுபாதித் தாடியோடு. கல்யாணமான புதிதில் எனக்கு அதில் எரிச்சல். பிறகு அது பிடித்துப்போனது. உலகத்தில் எதுவும் அவரைக் கட்டிப்போட முடியாது என்று ஒரு நிம்மதி.

வீட்டுக்காரம்மாவிடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. யுத்தம் முடிந்து மிலிட்டரிக்காரர்கள் கழித்துப்போட்டதில் வாங்கியது. முன்னால் இருவர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும். ஒருநாள் அது வழியில் நின்று, மீன் முழுதும் கெட்டுத் திரும்பி வந்தது. முற்றம் நாறியது. அவள் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் அறை வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த இவர் வாய் சும்மா இருக்கவில்லை.

"பெட்ரோல் இஞ்சின எறக்கிட்டு டீசல் போட்டா பாதி செலவுல ஓடும்மா. துறைமுகத்துல ஒடஞ்ச லாஞ்சு ஒண்ணு கீது, அதோட இஞ்சினு நல்லாகீது. நான் மாட்டித் தரேன்."

"தரியா?"

"தரேன்னா தரேன்."

"ஆரம்பிச்சா முடிக்கணும் ஃபிட்டரு."

இவர் சிரித்துக்கொண்டு வாயைக் கொப்பளித்தார். அந்த வாரமே அந்த மோட்டார் படகின் இன்ஜின் கட்டைவண்டியில் வந்து முற்றத்தில் இறங்கியது. கடல் துருவும் எண்ணெயும் படிந்து, பன்றி படுத்திருப்பதுபோல இருந்தது.

ஆரம்பம் அமர்க்களமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய இன்ஜினை இறக்கினார். தெருவே வந்து பார்த்தது. அடுத்த ஞாயிறு வண்டியின் கியர்பாக்ஸையும் டீசல் இன்ஜினையும் பக்கத்தில் வைத்து அளந்தபோதுதான் ஒன்றின் துளைகளுக்கும் மற்றதன் துளைகளுக்கும் பொருத்தமே இல்லை என்று தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் கனமான இரும்புத் தகடு ஒன்று வெட்டி, இரண்டு பக்கத்துக்கும் தக்கபடி துளைபோட்டு மாட்ட வேண்டும். கையால் துளைப்பது. ஒரு துளைக்கே தோள் கழன்றுவிடும். சில துளைகள் போட்டார். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. தகடு எங்கள் அறைச் சுவரில் சாய்ந்து கிடந்தது. இவர் கேரம் ஆடப் போய்விட்டார்.

அவள் மீனுக்கு வாடகை வண்டி பிடித்தாள். தினமும் காலையில் எங்கள் வாசலுக்கு வந்து தகட்டைப் பார்ப்பாள், போவாள். ஐப்பசி பாதியில், அடைமழையில், இரண்டு ஆட்களோடு வந்து எங்கள் அறைக் கதவைக் கீலிலிருந்து கழற்றித் தன் அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

"இன்னாம்மா இது?" என்றார் இவர், சிரித்துக்கொண்டே. விளையாட்டு என்று நினைத்தார்.

"வண்டிக்கு இஞ்சினு இல்ல. வூட்டுக்குக் கதவு இல்ல. ரெண்டும் ஒண்ணா வரட்டும்."

நான் வாசலில் புடவையைக் கட்டித் தொங்கவிட்டேன். காற்றில் அது பறந்தது. சாரல் அடுப்புவரை வந்தது. நாய் உள்ளே வந்து சோற்றுச் சட்டியை நக்கிவிட்டுப் போனது. விடியுமுன்பே கூடைக்காரர்கள் முற்றத்தில் நடமாடுவார்கள். நான் துணி மாற்றக்கூடப் பக்கத்துக் குடித்தனத்துக்கு ஓட வேண்டியிருந்தது. குழந்தைக்குச் சளி கட்டி மூச்சு இழுத்தது. நான் அவள் காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

"கைக்கொழந்தைய வெச்சிகினு கீறேம்மா. கொஞ்சம் பாருங்க."

"எங்கிட்ட இன்னாத்துக்கு அழுவுற? நானா ஆரம்பிச்சேன்? அவனாண்ட போய் அழு."

அவரிடம்தான் போய் அழுதேன். வேறு வீடு பார்க்கலாம் என்றேன். அதற்கு அவர், "வுட்டுட்டு ஓடிட்டான்னு பட்டறைல பேசுவானுங்க. அந்தம்மா அங்க போயி எல்லாராண்டயும் சொல்லி வெச்சிகீது" என்றார். மறுநாள் தகட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கை கொப்பளித்து உடைந்தது. துணி சுற்றிக்கொண்டு துளைத்தார். சீட்டி இல்லை. தகடு முடிந்தது, இன்ஜினோடு பொருந்தியது. அவள் வந்து துளைகளில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். கதவு வரவில்லை.

இன்ஜினை வண்டிக்குள் இறக்கிய நாள் மழை விட்டிருந்தது. மூன்று சவுக்கு மரங்களை நிறுத்தி, உச்சியைச் சேர்த்துக் கட்டி, அதில் கனம் தூக்கும் சங்கிலியை மாட்டியிருந்தார்கள். படகு பழுதுபார்க்கும் ஒரு கொட்டகையில் இரவல் வாங்கிய சங்கிலி. கூடைக்காரர்கள் அதை இழுத்தார்கள். ஆளுக்கொரு மரத்தைப் பிடித்துக்கொள்ள, சுவரோரத்து மரத்துக்கு அவளே தோள் கொடுத்து நின்றாள். அந்தப் பக்கம் வேறு யாரும் இல்லை. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் அறை வாசலில் நின்றேன்.

இன்ஜின் நிதானமாகத்தான் இறங்கியது. இவர் இரண்டு கையாலும் அதைத் தடவித் திருப்பி, இருக்க வேண்டிய இடத்துக்கு வழிகாட்டினார். கடைசி நேரத்தில் ஒரு ஆட்டம் ஆடியது. அவர் இடது கை அடியில் போய்விட்டது.

அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. கூடைக்காரர்கள் பதறிப்போய் சங்கிலியை மேலே இழுக்கப் போனார்கள்.

"தூக்காத," என்றாள் அவள். "இந்த மரம் எறங்குது. ஈரமண்ணு. இப்ப தூக்கினா மொத்தமும் அவன் தலமேல வுயும்."

எல்லாரும் அப்படியே நின்றார்கள்.

"அந்தப் பக்கம் போல்ட்டப் போடுங்க. உக்காந்துகினப்பறம் கடப்பாறையால நெம்பி எடுத்துக்கலாம். ஜல்தி."

நான் ஓடினேன். "கிட்ட வராத பொண்ணே, கொய்ந்தய வெச்சிகினு," என்று என்னையும் நிறுத்தினாள். போல்ட்டுகளைப் போட்டார்கள். ஈரக்கை, வழுக்கியது. ஒன்று கீழே விழுந்து, தேடி எடுத்து மறுபடி போட்டார்கள். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே கத்தினார். பிறகு கத்துவதை நிறுத்திவிட்டு, என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் உட்கார்ந்த பிறகு கடப்பாறை வைத்து நெம்பிக் கையை எடுத்தார்கள். இரண்டு விரல்கள் கையோடுதான் வந்தன. ஆனால் அவை கையைச் சேர்ந்தவையாக இல்லை.

அவளே தன் முந்தானையைக் கிழித்துக் கட்டி, ரிக்ஷாவில் அவரைத் தன்மேல் சாய்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் அந்த இரண்டு விரல்களையும் எடுத்து முடிக்கும்வரை வெளியே உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தபோது தெரு முழுதும் ஒரே பேச்சு. "அந்தம்மா மட்டும் தூக்காதன்னு சொல்லலன்னா ஆளே போயிருப்பான்." அவரும் பாயில் படுத்தபடி அதையே சொன்னார். "ரெண்டு வெரலோட போச்சி. தல தப்பிச்சது அந்தம்மாவால."

எனக்கும் நன்றி வந்தது. பொய் சொல்லக்கூடாது, வந்தது. அவள் காலையில் கஞ்சியோடு வந்தபோது நான் எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன். அவள் அவரைக் கேட்டாள்:

"வலது கை நல்லாகீதில்ல?"

"கீதும்மா."

"அப்ப இன்னா, பைப்பு, ரேடியேட்டரு எல்லாம் மிச்சம் கீதே."

"அவருக்கு இன்னும் காய்ச்சல் விடலம்மா," என்றேன் நான்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உனுக்கு ரெண்டு கை கீதே."

அப்படித்தான் நான் என் வீட்டுக்காரரின் இடது கையானேன். கட்டுப்போட்ட கையை மாரில் வைத்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல, நான் ஸ்பேனரைப் பிடித்தேன், குழாயை வளைத்தேன், போல்ட்டை முறுக்கினேன். வாசலில் கதவு இல்லாத அறையில் குழந்தை கம்பியில்லாத தொட்டிலில் அழும். "போய்ப் பாத்துட்டு வரட்டா?" என்பேன். "இந்த ஒண்ணு முடிச்சிட்டுப் போமே," என்பார் அவர். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

கடைசி வேலை குழாயிலிருந்து காற்றை எடுப்பது. டீசல் போகும் குழாயில் துளிக் காற்று இருந்தாலும் இன்ஜின் பிடிக்காது. திருகைக் கொஞ்சம் தளர்த்தி, நுரை வருவது நின்று எண்ணெய் மட்டும் வழியும்வரை சின்னப் பம்பை அடிக்க வேண்டும். நான் அடித்தேன். எண்ணெய் என் கைகளில் வழிந்தது. "ம், இறுக்கு," என்றார் அவர். இறுக்கினேன். அவள் புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வந்து, முன்னாலிருந்த கைப்பிடியைச் சுற்றினாள். ஆண்கள் சுற்ற வேண்டியதை அவள் சுற்றினாள். இன்ஜின் இருமியது, நின்றது. மறுபடி சுற்றினாள். வெகுநேரம் சுற்றினாள். உதட்டைக் கடித்து ரத்தம் வந்தது. யாரையும் விடவில்லை. பிறகு அது பிடித்துக்கொண்டது.

முற்றம் முழுதும் கரும்புகை. சத்தத்தில் குழந்தை வீரிட்டது. கூடைக்காரர்கள் விசில் அடித்தார்கள். அவர் வண்டி மட்கார்டில் முகத்தைப் புதைத்துக் குலுங்கி அழுதார். அவள் அவரைப் பார்த்து, முதல்முறையாக அவர் முதுகில் கைவைத்து, "இப்ப அழு நைனா," என்றாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, ஆட்களைக் கூப்பிட்டு எங்கள் கதவை மாட்டச் சொன்னாள்.

விரல் இல்லாத ஃபிட்டரைப் பட்டறை வைத்துக்கொள்ளவில்லை. அவள் அந்த வண்டிக்கே அவரை டிரைவராக வைத்துக்கொண்டாள். விடியற்காலையில் இருவரும் முன்னால் உட்கார்ந்து மீனோடு போவார்கள். நான் வாசலில் நின்று பார்ப்பேன். கப்பல் வந்தால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. தொட்டிலுக்குக் கம்பி வந்தது, பலகைக்கு ஆணி வந்தது. குழந்தை பாதிச் சோற்றில் முகத்தைத் திருப்பினால் தாடையைப் பிடித்து வாயில் திணிப்பார். அது ஓங்கரித்து அழும். அவர் காத்திருந்து அடுத்த உருண்டையைத் திணிப்பார். நான் தட்டைப் பிடுங்கினால் என்னைப் புரியாமல் பார்ப்பார். நான் கட்டிக்கொண்ட மனிதரை எங்கேயோ விட்டுவிட்டு வந்தாற்போல இருக்கும்.

சில வருஷங்கள் கழித்து ஒருநாள், புதிதாகச் சேர்ந்த கூடைக்காரனுக்கு அவர் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சுவரோரம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். "இங்கதான் அந்தம்மா புடிச்சிகினு இருந்த மரம். எறங்கிகினே போச்சி," என்று என் காலடியைக் காட்டினார். சொல்லிவிட்டு இருவரும் வண்டியைக் கழுவப் போனார்கள்.

நான் காலைப் பார்த்தேன். நான் நின்றது துவைக்கும் கல்லின்மேல். தரையோடு தரையாகப் பதிந்த அகலமான கருங்கல் பலகை. அந்த வீடு கட்டிய நாளிலிருந்து அங்கே கிடப்பது.

துணியைப் போட்டுவிட்டு அவளிடம் போனேன். அவள் ஐஸ் உருகாமலிருக்க அதன்மேல் உமி கொட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கி அந்த மரம் கல்லுமேல நின்னுகினு இருந்திச்சி. அது எப்படிம்மா எறங்கும்?"

அவள் உமியை நிறுத்தவில்லை. "எறங்கல."

"அப்ப ஏன் சொன்னீங்க?"

"தூக்கியிருந்தா கைய எடுத்துகினு அம்மாம்பேரும் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பீங்க. இஞ்சினு அந்தரத்துல தொங்கினு இருக்கும். சங்கிலிய பொயுது சாயறதுக்குள்ள திருப்பிக் குடுக்கணும். எறங்கினு இருந்தது எறங்கட்டுமேன்னு பாத்தேன்."

"அவரு வெரலும்மா."

"நசுங்கினது மொதல்லியே நசுங்கிப்போச்சிமே." அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் வெட்கமோ பயமோ எதுவும் இல்லை. "உங்க வூட்டுக்காரராண்ட சொல்லணும்னா சொல்லு. சொல்லாதன்னு நான் சொல்லல."

நான் சொல்வதற்குத்தான் போனேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். மூன்று விரல் கையால் ஒரு போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். என் காலைப் பார்த்துவிட்டு, "இன்னாமே?" என்றார். அந்தக் குரலில் அவ்வளவு நிறைவு. தலை தப்பித்தவனுடைய நிறைவு.

"ஒண்ணுமில்ல. சோறு ஆறுது," என்றேன்.

அவள் இறந்தபோது பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவர் அவர்தான். காலடிப்பேட்டைக்கு நாங்கள் வீடு மாறிய பிறகும் மருமகனுக்கு, பேரன்களுக்கு, கூப்பிட்டால் தெருவில் போகிறவனுக்கும் அந்தக் கதையைச் சொல்வார். கையை விரித்துக் காட்டி, மரம் இறங்கியதை உடம்பையே சாய்த்து நடித்துக் காட்டுவார். கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். முடிவில் என் பக்கம் திரும்புவார்.

"இன்னாமே, நீயுந்தான பாத்துகினு இருந்த?"

"பாத்தேன்," என்பேன்.